கல்விச் செலவு யாருடைய கடன்?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் காலனியில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்னும் கேள்விகள் ஒருவாறு தீர்ந்த பின்னும் தீராது நிற்பது பணத்தைப் பற்றிய கேள்வியே. கல்லூரிப் படிப்புக்கு ஆகும் செலவைப் பெற்றோர் ஏற்க வேண்டுமா? ஏற்பதாயின் எந்த அளவுக்கு? "பெற்றவன் கடமை, தலையை அடகு வைத்தேனும் படிக்க வைக்க வேண்டும்" என்பார் ஒருவர். "இன்று நாம் போட்டால் நாளை அவன் தருவான்" என்பார் மற்றொருவர். "பதினெட்டு வயது நிரம்பியவன் பாங்கியில் கடன் வாங்கிப் படித்துத் தானே அடைக்கட்டும்" என்பார் மூன்றாமவர். மூவர் சொல்லிலும் ஓரளவு நியாயம் உண்டு.

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கடமை என்பது ஒன்று. திருப்பித் தரவேண்டிய பணம் என்பது மற்றொன்று. புறநானூற்றில் பொன்முடியார் என்னும் புலவர் தாய்க்கும், தந்தைக்கும், கொல்லனுக்கும், வேந்தனுக்கும் தனித்தனியே பணி வகுத்தபோது ஆண்ட சொல் இதுவே. அங்கே அது கடமையைக் குறித்தது. காலப்போக்கில், பிள்ளையின் படிப்பைப் பற்றிய வரையில், இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவை எவ்வாறு கலந்தன, எவ்வாறு பிரிக்கப்பட்டன என்பதை வரலாறு காட்டுகின்றது. அதனை ஒருமுறை நோக்கினால் நம் கேள்விக்கு விடை காண்பது எளிதாகும்.

ஊரார் அளந்த நெல்

பண்டைத் தமிழகத்தில் உயர்கல்விக்குத் தந்தை பணம் செலுத்தியதாகக் காண்பதைவிட, அறக்கட்டளையினால் அது நடைபெற்றதாகக் காண்பதே மிகுதி. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் நடைபெற்ற கல்லூரியைப் பற்றி அவ்வூர்க் கல்வெட்டு விரிவாகக் கூறுகின்றது. இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இளநிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஆறு நாழி நெல்லும், முதுநிலை மாணவருக்கு ஒரு குறுணி இரு நாழி நெல்லும் அளக்கப்பட்டன. இச்செலவுக்காக 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. பிள்ளையை அங்கே அனுப்பிய தந்தைக்குச் செலவில்லை. பிள்ளையின் உணவுக் கவலையும் இல்லை.

ஆயினும் இதனைப் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. அக்கல்லூரி வேதமும் அதனைச் சார்ந்த இலக்கணமும் சாத்திரங்களும் கற்பிக்க எழுந்தது. உழுது அந்நெல்லை விளைவித்த குடியானவனின் மகனுக்கு அதன் கதவு திறக்கவில்லை. யாருடைய மகளுக்கும் திறக்கவில்லை. இலவசக் கல்வி என்பது எல்லோருக்கும் உரிய கல்வி ஆகிவிடாது என்னும் பாடத்தை அக்கல்வெட்டிலிருந்தே நாம் கற்கலாம்.

பிற்காலத்தில் மடங்களும் புலவர்களும் இம்மரபை ஓரளவு காத்தனர். 1855-ஆம் ஆண்டு பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் தம் இளமையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். அவருடைய தந்தை இசையில் வல்லவர்; செல்வர் அல்லர். மகனுக்குத் தமிழ் சொல்லித் தருவோரைத் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் ஆசிரியரின் அன்பும் எஞ்சிய செலவை ஏற்றன. தந்தை தந்தது பணமன்று. தம் வாழ்நாளின் ஒரு பகுதி. அதுவும் செலவுதான் என்பதை, இடமாற்றத்துக்கு அஞ்சிப் பதவி உயர்வையே வேண்டாமென்ற நம் காலனித் தந்தையர் அறிவர்.

நாலணாவிலிருந்து கல்லூரிச் சம்பளம் வரை

சாதாரணக் குடும்பங்கள் கல்விக்குப் பணம் கொடுத்ததைப் பற்றிய தெளிவான கணக்கு, சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் கேட்டு வாங்கிய அறிக்கைகளில் கிடைக்கின்றது. 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். பிள்ளை ஒன்றுக்கு மாதம் நாலணா முதல் ஆறு அல்லது எட்டணா வரை பெற்றோர் கொடுத்தனர். ஆசிரியர் ஒருவருக்கு மாத வருவாய் பொதுவாக ஆறேழு ரூபாய்க்கு மேல் இல்லை. தகுதியுள்ளோரை அத்தொழிலுக்கு ஈர்க்க இது போதாது என்று மன்றோவே வருந்தினார்.

அடுத்து 1854-இல் சர் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் கல்வியை மக்கள் மதிப்பதில்லை. சிறிதேனும் பணம் கொடுத்தால்தான் ஒழுங்காக வருவர் என்பது அதன் கருத்து. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றோடு இணைந்த கல்லூரிகளில் சம்பளம் கட்டிப் படிப்பது வழக்கமாயிற்று. 'சிறிதேனும்' என்று தொடங்கியது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிதாக இல்லை.

கணித மேதை இராமானுசன் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவருடைய தந்தை கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்த இராமானுசனுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கருத்துச் செலுத்தாமையால் அது நின்றது. அது நின்றதும் படிப்பும் நின்றது. 1905-இல் வீட்டை விட்டே சென்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெறவில்லை. 1912-இல் துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்த பின்னரே அவர் கவலையின்றி ஆராய்ச்சியில் ஈடுபட முடிந்தது. துணிக்கடைக் கணக்கரால் தாங்க முடியாத சுமையைப் பொது நிறுவனம் ஒன்று தாங்கியது. அதற்குள் எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

படித்தவன் சம்பாத்தியம் யாருக்கு?

குடும்பம் பணம் கொடுக்கத் தொடங்கியதும் புதியதொரு வழக்கு எழுந்தது. அண்ணன் வயலைப் பார்த்துக்கொள்கிறான். தம்பி குடும்பப் பணத்தில் படித்து வக்கீலாகிறான். தம்பியின் வருமானம் அவனுக்கு மட்டும் உரியதா, கூட்டுக் குடும்பம் முழுமைக்கும் உரியதா?

இதற்குப் பழைய தரும சாத்திரங்களில் 'வித்யாதனம்' என்று பெயர். பிறருடைய உணவை உண்டு, பிறரிடம் கற்ற கல்வியால் வந்த பொருளே ஒருவனுக்குத் தனியுடைமை என்பது காத்யாயனர் கருத்து. அதன்படி, குடும்பச் சோறு உண்டு குடும்பப் பணத்தில் கற்றவனின் ஊதியத்தில் குடும்பத்துக்குப் பங்குண்டு. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இதில் தடுமாறின. எழுத்தறிவு போன்ற பொதுக் கல்விக்குக் குடும்பம் செலவிட்டால் பங்கு இல்லை. தொழிலுக்குரிய சிறப்புக் கல்விக்குச் செலவிட்டால் பங்கு உண்டு என்று ஒரு கோடு கிழித்தன. ஆனால் எது பொது, எது சிறப்பு என்பதில் மீண்டும் வழக்கு.

இக்குழப்பத்தைத் தீர்க்கச் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞரான வி. பாஷ்யம் ஐயங்கார் 1891-இல் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கற்றவனின் ஊதியம் கற்றவனுக்கே உரியது என்பது அதன் சாரம். உத்தியோகத்தில் இருந்தோரும் வக்கீல்களும் அதனை வரவேற்றனர். கூட்டுக் குடும்பம் சிதைந்துவிடும், படிக்காத சகோதரர் ஏமாற்றப்படுவர் என்று மற்றோர் எதிர்த்தனர். சபை நிறைவேற்றிய பின்னும் கவர்னர் ஒப்புதல் தராமையால் அது சட்டமாகவில்லை.

பிறகு 1921-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பொன்று நாட்டையே திடுக்கிட வைத்தது. குடும்பச் செலவில் இங்கிலாந்து சென்று படித்து இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்த ஒருவரின் சம்பாத்தியம் கூட்டுக் குடும்பச் சொத்தே என்பது அத்தீர்ப்பு. அதன் விளைவாக, எம். ஆர். ஜெயகரின் முயற்சியால், 1930-இல் இந்து கல்விச் சம்பாத்தியச் சட்டம் மத்திய சட்டசபையில் நிறைவேறியது. ஒருவனுடைய கல்விக்குக் குடும்பத்தார் உதவினர் என்பதாலோ, கற்ற காலத்தில் அவனையோ அவன் மனைவி மக்களையோ குடும்பம் காப்பாற்றியது என்பதாலோ மட்டும் அவனுடைய சம்பாத்தியம் குடும்பச் சொத்தாகிவிடாது என்று அச்சட்டம் உறுதி செய்தது.

நாற்பது ஆண்டுக் காலப் பூசல் அன்று சட்டத்தில் முடிந்தது. நம் மனத்தில் முடிந்ததா என்பதுதான் ஐயம். "உன்னைப் படிக்க வைக்க எவ்வளவு கொட்டினேன் தெரியுமா?" என்று மகனிடமோ மருமகளின் முன்னிலையிலோ கேட்கும் தந்தை, 1930-க்கு முந்திய சட்டத்தையே இன்னும் தம் வீட்டில் நடத்திவருகின்றார்.

கணக்கில் எழுதப்படாத பணம்

தந்தை செலவிட்டார் என்று நாம் சொல்லும் பணத்தில் பெரும்பகுதி வீட்டுப் பெண்மக்களிடமிருந்து வந்தது என்பதையும் வரலாறு காட்டுகின்றது. டாக்டர் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கேட்ட புத்தகங்களை வாங்குவதற்காக, மணமாகிச் சென்ற தம் பெண்களின் நகையைப் பெற்று அடகு வைப்பது அவர் வழக்கம் என்று அம்பேத்கரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கப் பரோடா மன்னர் மாதம் 25 ரூபாய் அளித்தார். 1913-இல் அமெரிக்கா சென்று படிக்கவும் அம்மன்னரே உதவினார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறே 1917-இல் அங்குச் சென்ற அம்பேத்கர், தீண்டாமைக் கொடுமையால் தங்க இடமின்றித் திரும்ப நேர்ந்தது. சகோதரியரின் நகைக்கோ எந்த நிபந்தனையும் எழுதப்படவில்லை.

நாம் வாழும் இம்மராட்டிய மாநிலத்தில் மற்றொரு சான்றும் உண்டு. 1919-இல் ரயத் கல்விக் கழகத்தைத் தொடங்கிய கர்மவீர் பாவுராவ் பாட்டீல் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே விடுதியில் வைத்துச் சத்தாராவில் படிக்க வைத்தார். விடுதியில் அரிசி பருப்பு தீர்ந்தபோதெல்லாம் அவர் மனைவி இலட்சுமிபாய் தம் நகைகளை ஒவ்வொன்றாகத் தந்தார். இறுதியில் தாலியையும் தந்தார்.

பெண்ணின் நகை ஆணின் படிப்புக்குப் போயிற்று. பெண்ணின் படிப்புக்கு யார் கொடுத்தார்? மிகச் சிலரே. அவருள் ஒருவர் சகோதரி சுப்புலட்சுமியின் தந்தை. குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான மகளை, ஊரார் பழிப்பையும் உறவினர் விலக்கையும் பொருட்படுத்தாது சென்னையில் படிக்க வைத்தார். 1911-இல் அவ்வம்மையார் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இளம் கைம்பெண்களுக்கு விடுதி அமைத்துக் கல்வி புகட்டத் தொடங்கினார். அந்தத் தந்தை போட்ட பணம் அவருக்குத் திரும்பி வரவில்லை. எத்தனையோ தந்தையரின் பெண்களுக்குச் சென்று சேர்ந்தது.

பிடி அரிசியும் உழைப்பும்

தந்தையால் இயலாதபோது சமூகம் என்ன செய்தது? விருதுநகரில் வணிகர்கள் தம் வியாபாரத்தில் சிறு பகுதியை 'மகமை' என்று ஒதுக்கி, அந்நிதியால் 1885-இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். இல்லந்தோறும் சமைக்கும்போது எடுத்துவைத்த ஒரு பிடி அரிசியும் அதற்கு உதவியது. காமராசர் அப்பள்ளியில் படித்தவர். தந்தையை இழந்த குடும்பத்தின் நிலையால் அவர் படிப்பைத் தொடர முடியவில்லை. அந்தச் சிறுவரே முதலமைச்சராகி 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பினார் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. 1910-இல் தோன்றிய நாடார் மகாசன சங்கம் 1921 முதல் ஏழை மாணவரின் மேற்படிப்புக்குக் கடனுதவி அளித்துவந்தது. அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டு, ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கே ஈந்தார்.

பாவுராவ் பாட்டீலோ மூன்றாவதொரு வழி கண்டார். மாணவன் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டே படிக்கட்டும் என்றார். 1947-இல் சத்தாராவில் அவர் தொடங்கிய சத்ரபதி சிவாஜி கல்லூரியில் மாணவர்கள் வயலிலும் விடுதியிலும் வேலை செய்தே படித்தனர். பிள்ளைக்கும் செலவில் ஒரு பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

அரசும் தன் பங்கை மெல்ல ஏற்றது. 1944-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவருக்குக் கல்லூரி உபகாரச் சம்பளம் தொடங்கிற்று. 1963-இல் தேசியக் கடன் உபகாரச் சம்பளத் திட்டம் வந்தது. அதில் பணம் பெற்றவர் ஆசிரியப் பணியில் சேர்ந்தால், பணியாற்றும் ஆண்டொன்றுக்குக் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி செய்யப்பட்டது. 2001-க்குப் பின் பாங்கிகளின் கல்விக் கடன் பெருகிற்று. ஆயினும் அக்கடன் பத்திரத்தில் மாணவரோடு பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். ஆகவே 'அவனே வாங்கி அவனே அடைக்கட்டும்' என்போர், அப்பத்திரத்தில் தம் பெயரும் இருப்பதைக் கவனித்தல் நலம்.

சட்டம் சொல்வது யாது?

இந்துக்களுக்குரிய 1956-ஆம் ஆண்டின் தத்து மற்றும் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதனுள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றோடு கல்வியையும் சேர்த்துள்ளது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் காப்பது தாய் தந்தையர் கடமை. வயது வந்த மகனுக்கு அவ்வுரிமை இல்லை. மணமாகாத மகளுக்கோ, தன் வருவாயால் வாழ இயலாத வரையில், அவ்வுரிமை தொடர்கின்றது. வழக்கத்தில் நாம் மகனுக்கு முதலிடம் தருகின்றோம். சட்டமோ மகளுக்கு அதிகம் தந்துள்ளது. இதனைப் பெண்ணைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதுமையில் தளர்ந்த பெற்றோரைக் காக்கும் கடமையும் அச்சட்டத்தின் அதே பிரிவில் இடம்பெற்றுள்ளது. 2007-இல் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகள்மேல் அக்கடமையைச் சுமத்துகின்றது. 'கல்லூரியில் படிக்க வைத்தாரா? எத்தனை இலட்சம் செலவிட்டார்?' என்று இவற்றுள் எந்தச் சட்டமும் கேட்பதில்லை. பிள்ளையைப் படிக்க வைப்பது ஒரு கடமை. பெற்றோரைக் காப்பது மற்றொரு கடமை. ஒன்று மற்றொன்றின் விலையன்று. 1930-இல் சொத்து வகையில் அறுக்கப்பட்ட முடிச்சு 1956-இலும் 2007-இலும் கடமை வகையிலும் அறுக்கப்பட்டது எனலாம்.

நாம் செய்யத்தக்கது

இனி நம் நிலைக்கு வருவோம். நம்முள் பலர் ரயில்வே ஊழியர். பிள்ளைகளின் கல்விப் படி நமக்குப் பள்ளிப் பருவத்துக்கே பெரிதும் பயன்படுகின்றது. கல்லூரிக் காலம் முழுமைக்கும் இல்லை. 1-1-2004-க்குப் பின் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியமும் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டமும், 2025 ஏப்ரல் முதல் அதற்கு மாற்றாக வந்த ஒருங்கிணைந்த திட்டமும் உள்ளன. எனவே கையிருப்பு முழுவதையும் கல்லூரி வாசலில் கொட்டிவிட்டு முதுமையில் பிள்ளையின் கையை எதிர்பார்ப்பது இருவருக்கும் நல்லதன்று.

சொந்த மாநிலத்தை விட்டு வந்தமையால் நமக்கு மற்றொரு குறையும் உண்டு. தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றது. ஆயினும் அது தமிழகத்துப் பள்ளிகளில் படித்த பெண்களுக்கே உரியது. இங்குள்ள மாநிலச் சலுகைகளுக்கோ இங்குக் குடியிருந்த சான்று வேண்டும். இரண்டு கரைக்கும் நடுவே நிற்பவர் நம் பிள்ளைகள். மற்றோரைவிடப் பெற்றோரின் கையை அவர்கள் அதிகம் நம்பியிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, பெற்றோர் கல்லூரிச் செலவை ஏற்க வேண்டுமா என்றால், இயன்ற அளவு ஏற்கத்தான் வேண்டும் என்பதே என் முடிவு. இயன்ற அளவு எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் பள்ளிப் பருவத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே அளவை மகளுக்கும் சொல்ல வேண்டும். 'உனக்குக் கலியாணச் செலவு இருக்கிறது' என்று அவள் பங்கைக் குறைக்கலாகாது. கொடுத்த பின் அதனைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மகன் சம்பளம் வாங்கும் நாளில் பிரித்துக் காட்டலாகாது. எஞ்சிய தொகைக்கு உபகாரச் சம்பளமும், பகுதிநேர உழைப்பும், இறுதியாகவே கடனும் இருத்தல் வேண்டும். நம் ஊழியர் நல நிதியிலும் தொழிற்கல்விக்கு உபகாரச் சம்பளம் உண்டு. அதன் அறிவிப்பு ஒட்டப்படும் பலகையை நம்மில் எத்தனை பேர் நின்று படிக்கின்றோம்?

இவையெல்லாம் செய்தும் எட்டாத குடும்பங்கள் நம் காலனியிலேயே இருக்கும். அவர்களுக்கு எண்ணாயிரத்து ஊராரும் விருதுநகர் இல்லத்தரசியரும் வழி காட்டியுள்ளனர். அவ்வழியை நம் காலத்துக்கேற்ப எல்லாருக்கும் பொதுவாக்குவது நம் பொறுப்பு. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் சந்தா கொடுக்கும் நாம், மாதம் ஒரு சிறு தொகையைச் சங்கத்தில் கல்வி நிதியாகச் சேர்க்கலாம். அதிலிருந்து வட்டியின்றி உதவி பெற்ற பிள்ளை, வேலைக்குச் சென்றதும் அத்தொகையை இந்நிதிக்கே தந்து அடுத்த வீட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கட்டும். செயற்குழுவினர் வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு உறுப்பினர் அனைவர் சார்பிலும் கேட்டுக்கொள்கின்றேன்.